வாய்க்குள் அணியும் தகடு பேச்சைக் கெடுக்குமா?

கேள்வி (சாயல்குடி)

பனையிலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட என் அண்ணன் நான்கு ஆண்டுகளாகக் கை கால் அசைவின்றி இருக்கிறார். நாக்கால் தொட்டுக் கைப்பேசியை இயக்க உதவும் மௌத்பேட் போன்ற அண்ணத் தகடு ஒன்றை வாங்கித் தரலாமா என்று யோசிக்கிறோம். கருப்பட்டி வியாபாரிகளிடம் இன்றும் அவர்தான் ஒலிபெருக்கியில் விலை பேசுகிறார். அந்தப் பேச்சுக்குப் பழுது வந்துவிடுமோ என்பதே என் கவலை.

மறுமொழி (மண்டபம், பேச்சுப் பயிற்சியாளர்)

தொடக்கத்தில் கொஞ்சம் குழறும், சகோதரி. ஆனால் எல்லா எழுத்தும் குழறாது. 'பாம்பன்' என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பகுதி வேலையை உதடுகளே முடித்துவிடும். 'மண்டபம்' என்னும்போது நாநுனி மேலே வளைந்து அண்ணத்தில் ஒட்டுகிறது. 'கீழக்கரை'யின் ழகரத்திலோ ஒட்டாமல் நெருங்கி நிற்கிறது. தகட்டின் கனம் அந்த இடத்தைக் குறுக்குவதால் ட, ண, ள, ழ ஆகியவையும், காற்று உரசிப் பிறக்கும் ச, ஸ, ஷ ஆகியவையும் மழுங்கும். பின்னண்ணத்தில் பிறக்கும் ககரம் பெரும்பாலும் தப்பிக்கும். எச்சிலும் அதிகம் ஊறும். மேல்வரிசைப் பல்செட் புதிதாக அணிந்த பெரியவர்களிடம் நாம் கேட்கும் அதே குழறல்தான் இது. நாள்தோறும் உரக்க வாசித்துவந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும். நாக்கை அசைக்கும் நரம்பு தண்டுவடத்தின் வழியாக வராமல் மூளையின் அடியிலிருந்து நேரே வருவதால், அண்ணனின் நாக்குக்குப் பழகும் வலு இருக்கிறது. குரல் ஏற்கெனவே மெலிந்திருந்தால் அதற்கு விலா, வயிற்றுத் தசைகளின் தளர்ச்சியே காரணம். அந்தப் பழியைத் தகட்டின் மேல் போட வேண்டாம்.

மறுமொழி (ஏர்வாடி)

ஆழமில்லாத கடலில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொண்டவன் நான். பல்லில் கடித்த குச்சியால்தான் திரையைத் தட்டுகிறேன். மகள் ஏதாவது கேட்டால் குச்சியை மடியில் துப்பிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். பிறகு அதை வாயில் வைக்க அவளே வர வேண்டும். அதைப் பார்க்கையில் சிறு குழறல் ஒரு குறையா, அம்மா? வாங்குமுன் ஒன்றை மட்டும் கேட்டறியுங்கள்: பேசும்போது நாக்கு படுவதைக் கருவி கட்டளையாக எடுத்துக்கொள்ளாமலிருக்க, அதை அவரே நிறுத்திவைக்க வழி உண்டா?

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விலையில் 'ஏழு'ம் 'எட்டு'ம் அடிக்கடி வரும். இரண்டும் நீங்கள் சொன்ன எழுத்துகளில்தான் நிற்கின்றன. பழகும்வரை வியாபாரிகளின் அழைப்பு வந்தால் தகட்டை நானே கழற்றிவிடுகிறேன்.