லினக்ஸ் மின்ட்டில் ஸ்டீம்: டி டிரைவில் கிடக்கும் கேம் தெரியவில்லை, திரும்ப இறக்க டேட்டாவும் இல்லை

விசுவமடுப் பெடியன்

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய லப்டொப். இன்டெல் ஐ5, நான்காம் தலைமுறை, 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபருடன் ஆதரவு நின்றுவிட்டது, 11ஐ இந்த மெஷின் ஏற்காது. அதனால் பக்கத்தில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். விண்டோஸ் இன்னும் அழிக்கவில்லை.

மின்ட்டின் சொஃப்ட்வேர் மனேஜரில் தேடி, கேம் வாங்கி இறக்கி விளையாடும் ஸ்டீம் செயலியைப் போட்டேன். திறக்கிறது, லொகின் ஆகிறது. ஆனால் விண்டோஸில் இருந்த காலத்தில் இறக்கிய யூரோ டிரக் சிமுலேட்டர் 2 டி டிரைவில் கிடக்கிறது. ஸ்டீமில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் என்று போய் அந்த டிரைவைச் சேர்க்கப் பார்த்தால் பட்டியலில் டி டிரைவே இல்லை. ஃபைல் மனேஜரில் அதே டிரைவ் பிரச்சினையில்லாமல் திறக்கிறது.

திரும்ப இறக்கச் சொல்லாதீர்கள். எங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வரவில்லை, 4ஜி றவுட்டர்தான். பகல் டேட்டா தங்கச்சியின் ஒன்லைன் வகுப்புக்கே காணாது. இரவு டேட்டா இருக்கிறது, ஆனால் கரண்ட் போனால் றவுட்டரும் போய்விடும்.

ஏ9 ரைடர்

டி டிரைவை ஃபோர்மட் பண்ணி முழுதாக லினக்ஸுக்குக் கொடுங்கள். விஷயம் முடிந்தது.

விசுவமடுப் பெடியன்

அதில் அக்காவின் கலியாணப் படங்கள் இருக்கின்றன அண்ணா. விஷயம் அல்ல, நான்தான் முடிந்துவிடுவேன்.

நெடுங்கேணி அக்கா

தம்பி, ஒன்றும் ஃபோர்மட் பண்ண வேண்டாம். முதலில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். சொஃப்ட்வேர் மனேஜரில் ஸ்டீம் பக்கத்தைத் திறந்தால், அது சிஸ்டம் பக்கேஜா ஃபிளாட்பாக்கா என்று காட்டும். நீங்கள் போட்டது எது?

விசுவமடுப் பெடியன்

ஃபிளாட்பாக் என்று போட்டிருக்கிறது அக்கா.

நெடுங்கேணி அக்கா

அப்படியென்றால் டிரைவ் தெரியாதது பிழையே அல்ல. ஃபிளாட்பாக்காக வரும் செயலி ஒரு வேலிக்குள் இருந்து வேலை செய்கிறது. உங்கள் மற்ற டிரைவ்களைப் பார்க்க அதற்கு அனுமதி இல்லை. ஃபிளாட்சீல் என்ற சின்னச் செயலியைப் போட்டு அந்த அனுமதியைக் கொடுக்கலாம். நிறையப் பேர் இந்த இடத்தில் அதைத்தான் சொல்வார்கள்.

நான் சொல்ல மாட்டேன். அனுமதி கொடுத்தால் டிரைவ் தெரியும், கேமும் பட்டியலில் வரும். ஆனால் டி டிரைவ் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கிறது. லினக்ஸ் ஸ்டீம் அதிலிருந்து கேம் ஓட்ட வெளிக்கிட்டால் தலையிடிதான். விண்டோஸ் கேம்களை ஓட்டும் புரோட்டான், ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி சி டிரைவ் உருவாக்கும். அதற்குள் "சி" எழுத்தும் கோலனும் சேர்ந்த பெயரில் இணைப்பு ஒன்று வைக்கும். கோப்புப் பெயரில் கோலன் வருவதை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. லினக்ஸில் எழுதிவிட்டு, பிறகு விண்டோஸ் அந்த டிரைவைச் சோதித்தால் அது குழம்பும். கலியாணப் படங்கள் உள்ள டிரைவில் இந்த விளையாட்டு வேண்டாம்.

டேட்டா செலவில்லாத வழி, கேம் கோப்புறையை அப்படியே லினக்ஸ் பக்கம் கொப்பி பண்ணுவது. லினக்ஸ் பார்ட்டிஷனில் எவ்வளவு இடம் இருக்கிறது?

விசுவமடுப் பெடியன்

60 ஜிபிக்குக் கிட்ட இருக்கிறது. கேம் அதில் பாதி கூட வராது.

நெடுங்கேணி அக்கா

போதும். ஸ்டீமை முழுதாக மூடுங்கள். ஜன்னலை மூடினால் அது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், மெனுவில் எக்ஸிட் கொடுக்க வேண்டும். பிறகு ஃபைல் மனேஜரில் ஹோமுக்குப் போய் கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்த கோப்புறைகள் தெரியும். புள்ளியுடன் தொடங்கும் "வர்" என்று ஒன்று இருக்கும். அதற்குள் ஆப், அதற்குள் ஸ்டீமை நடத்தும் நிறுவனமான வால்வின் பெயரில் உள்ள கோப்புறை, பிறகு புள்ளி லோக்கல், ஷெயார், ஸ்டீம், ஸ்டீமாப்ஸ், கொமன். கொமன் இல்லையென்றால் அதே பெயரில் நீங்களே ஒன்று உருவாக்குங்கள், எல்லாம் சின்ன எழுத்தில்.

டி டிரைவிலும் ஸ்டீமாப்ஸ், கொமன் என்று இருக்கும். அங்கிருந்து யூரோ டிரக்கின் கோப்புறையை, பெயரில் ஓர் எழுத்தும் மாற்றாமல் கொண்டுவந்து இங்கே போடுங்கள். முடிந்ததும் ஸ்டீமைத் திறந்து அந்தக் கேமுக்கு இன்ஸ்டோல் கொடுங்கள். புதிதாக இறக்கப்போவது போலத்தான் காட்டும், பயப்பட வேண்டாம். ஏற்கெனவே உள்ள கோப்புகளைக் கண்டுபிடித்துச் சரிபார்த்துவிட்டு, குறைந்ததை மட்டும் எடுக்கும்.

யூரோ டிரக்குக்குச் சொந்த லினக்ஸ் பதிப்பு உண்டு. அதனால் லினக்ஸுக்கான பகுதி மட்டும் கொஞ்சம் இறங்கும். வரைபடம், லொறி, சத்தம் எல்லாம் இரண்டுக்கும் பொது. நீங்கள் விண்டோஸை விட்ட நாளுக்குப் பிறகு கேமுக்குப் பெரிய அப்டேட் வந்திருந்தால் அதுவும் சேரும், அதைத் தவிர்க்க முடியாது. இரவில் செய்யுங்கள்.

கனகராயன் ஆறு

அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம். விண்டோஸை ஷட்டவுன் பண்ணும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு பண்ணுங்கள். விண்டோஸ் 10இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் அது பாதி உறக்கத்தில்தான் போகும், டிரைவை விட்டுக்கொடுக்காது. லினக்ஸில் அது வாசிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்காமலே போகும்.

மற்றது, ஸ்டீமில் செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ் பக்கத்தில் ஷேடர் பிரீகேஷிங் என்று, கிராபிக்ஸுக்கான கோப்புகளை முன்கூட்டியே இறக்கி வைக்கும் ஒன்று ஓன் ஆகி இருக்கும். அதை நிறுத்துங்கள். லினக்ஸில் அது கேட்காமலே டேட்டா தின்னும். நிறுத்தினால் சில கேம்கள் தொடக்கத்தில் கொஞ்சம் விக்கி விக்கி ஓடும், அவ்வளவுதான். அதே பக்கத்தில் அப்டேட் எத்தனை மணிக்கு நடக்க வேண்டும் என்றும் குறிக்கலாம். இரவு டேட்டா நேரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பூவரசு

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். வவுனியா கம்பஸில் படிக்கிறேன், என்னிடம் இருப்பது டெபியன் 12 என்ற இன்னொரு லினக்ஸ். ஸ்டீம் ஐகானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. டெர்மினலில் இருந்து திறந்தால் 32-பிட் லைப்ரரி இல்லை, லிப்ஜிஎல் இல்லை என்று சொல்கிறது. இரண்டு முறை அழித்துப் போட்டும் அதேதான்.

கனகராயன் ஆறு

அழித்துப் போடுவதால் இது தீராது தம்பி. சிஸ்டம் 64-பிட்டாக இருந்தாலும் ஸ்டீமுக்கு 32-பிட் லைப்ரரிகள் வேண்டும். டெபியனில் அந்தக் கதவை நீங்கள் திறந்துவிட வேண்டும். டிபிகேஜி கட்டளையில் ஆட் ஆர்க்கிடெக்சர் கொடுத்து ஐ386ஐ, அதாவது 32-பிட் வகையை, சேருங்கள், ஆப்ட் அப்டேட் அடியுங்கள், பிறகு லிப்ஜிஎல்1 பக்கேஜையும், இலவச கிராபிக்ஸ் டிரைவரான மேசாவின் லிப்ஜிஎல்1 மேசா டிஆர்ஐ பக்கேஜையும் ஐ386 வகையில் போடுங்கள். என்விடியா கார்ட் என்றால் மேசா அல்ல, என்விடியா டிரைவரின் ஐ386 பகுதி. அது மற்ற டிரைவரின் அதே பதிப்பாக இருக்க வேண்டும். மேலே உள்ள தம்பிக்கு இந்தக் கரைச்சல் வராததற்குக் காரணம் ஃபிளாட்பாக். அது தன் லைப்ரரிகளைத் தானே கொண்டுவரும்.

பூவரசு

வேலை செய்கிறது. நன்றி அண்ணா.

விசுவமடுப் பெடியன்

அக்கா, யூரோ டிரக் ஓடுகிறது! கொப்பி பண்ணும்போது டிரைவ் வாசிக்க மட்டும் திறந்தது, ஆனால் எடுப்பதற்கு அது போதுமாக இருந்தது. இன்ஸ்டோல் கொடுத்ததும் கனநேரம் ஸ்டீம் யோசித்தது, பிறகு சின்னதாக ஏதோ இறக்கிவிட்டு பிளே பட்டன் வந்தது. கிராபிக்ஸைக் குறைத்து வைத்தால் நன்றாகப் போகிறது. பழைய சேவ் மட்டும் இல்லை.

இன்னொரு பிரச்சினை. விண்டோஸுக்கு மட்டும் வந்த ஒரு கார் கேமையும் அதே முறையில் கொண்டுவந்தேன். பிளே அழுத்தினால் பச்சை நிறம் மாறி, கொஞ்ச நேரத்தில் பழையபடி பிளே என்று வந்து நிற்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

நெடுங்கேணி அக்கா

சேவ் விண்டோஸ் பக்கத்தில் டொக்கியூமென்ட்ஸில் இருக்கும், யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற கோப்புறை, அதற்குள் புரொஃபைல்ஸ். பத்திரமாக எடுத்து வையுங்கள்.

கார் கேம் விஷயம் உங்கள் கிராபிக்ஸ். புரோட்டான், விண்டோஸின் கிராபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸை லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற முறைக்கு மாற்றித்தான் ஓட்டுகிறது. புரோட்டான் 8இலிருந்து வல்கன் 1.3 வேண்டும். நான்காம் தலைமுறை இன்டெல்லில் அது இல்லை. யூரோ டிரக் தப்பியது அதன் லினக்ஸ் பதிப்பு ஓப்பன்ஜிஎல் என்ற பழைய கிராபிக்ஸ் முறையில் ஓடுவதால்.

கேமின் மேல் வலது கிளிக், பிரொப்பட்டீஸ், கொம்பாட்டிபிலிட்டி. அங்கே டிக் போட்டு புரோட்டான் 7ஐத் தெரிவு செய்யுங்கள். அது தனியாக இறங்கும், சில நூறு எம்பி வரும், ஆகவே இரவில். அதற்கும் ஓடவில்லையென்றால் பிரொப்பட்டீஸில் லோஞ்ச் ஒப்ஷனில், வல்கனுக்குப் பதிலாக ஓப்பன்ஜிஎல்லில் ஓட்டும் வைன்டி3டியைப் பாவிக்கும்படி ஒரு வரி கொடுக்கலாம். போனில் தமிழ் கீபோர்ட்தான் இருக்கிறது, வீட்டுக்குப் போய் அந்த வரியைச் சரியாக அனுப்புகிறேன். அதில் வேகம் குறையும், சொல்லிவிட்டேன்.

விசுவமடுப் பெடியன்

புரோட்டான் 7இல் திறந்துவிட்டது அக்கா, அந்த வரி தேவைப்படவில்லை. மழை பெய்யும் ரேஸில் மட்டும் இழுபடுகிறது, அதை விளையாடாமல் விடுகிறேன். தம்பி பக்கத்தில் நின்று வேலராண்டும் இதில் ஓடுமா என்று கேட்கச் சொல்கிறான்.

கனகராயன் ஆறு

ஓடாது. வேலராண்டின் வான்கார்ட், ஏமாற்றுவோரைப் பிடிக்க விண்டோஸின் அடி ஆழத்தில், கேர்னல் மட்டத்தில் உட்காரும் மென்பொருள். லினக்ஸில் அது இல்லை, புரோட்டானாலும் அதை ஏமாற்ற முடியாது. ஃபோர்ட்நைட்டும் ஓடாது. ஏபெக்ஸ் முன்பு ஓடியது, 2024 கடைசியில் அவர்களே லினக்ஸை நிறுத்திவிட்டார்கள். டோட்டா 2க்குச் சொந்த லினக்ஸ் பதிப்பு இருக்கிறது, இலவசம். ஆனால் தம்பி கேட்டான் என்று உடனே அழுத்திவிடாதீர்கள், அது பல பத்து ஜிபி. கிளிநொச்சிப் பக்கம் யாரிடமாவது அது இருந்தால் அந்த லப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே றவுட்டரில் இருந்தால் ஒரு ஸ்டீமில் இருந்து மற்றதற்கு நேரே மாற்றலாம், 2023இல் அந்த வசதி வந்தது. இரண்டு பக்கமும் டவுன்லோட்ஸ் செட்டிங்கில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.