துண்டறிக்கை ஆறு மொழிகளில் போயும் முகாமுக்கு ஆள் வராதது ஏன்?

புதுக்கோப்பு:
சுகாதாரத் துறையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அடுத்த பெருந்தொற்றின்போது பல மொழி, பல மத மக்களை எப்படி அணுகுவது என்று திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கொரோனா காலக் கோப்பைப் புரட்டினால், ஆறு மொழிகளில் துண்டறிக்கை போயிருக்கிறது. பரிசோதனை முகாமோ காலி. எங்கே தவறியது?

பழைய மொழிபெயர்ப்பாளன்:
அப்படிப்பட்ட அறிக்கைகளை 2020இல் மொழிபெயர்த்தவன் நான். ‘தனி அறையில் 14 நாள் இருங்கள்’ என்று பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் உதவி எண்ணில் உட்கார வைத்தார்கள். முதல் நாளே ஒரு பெண் கேட்டார்: “ஒரே அறையில ஏழு பேர் இருக்கோம். மாமியாரை எங்கே படுக்க வைக்கிறது?” என் தாளில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த அழைப்பு: “பாசிட்டிவ்னு வந்தா என் பேரைப் போலீசுக்குக் கொடுப்பீங்களா?” இவர்களுக்கு அறிக்கை புரியாமல் இல்லை; நன்றாகப் புரிந்ததால்தான் பயந்தார்கள். மேலிடத்தில் சொன்னேன். மூன்று வாரம் கழித்து எழுத்தைப் பெரிதாக்கி அதே தாளை அனுப்பினார்கள்!

கடைசி பெஞ்ச்:
எபோலாவைப் படியுங்கள். 2014இல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளான கினி, லைபீரியா, சியரா லியோனில் இறந்தவரைக் குளிப்பாட்டும்போதும் நோய் பரவியது. முழுக்கவச உடையில் வந்தவர்கள் உடலைப் பையில் போட்டுத் தூக்கிப்போக, குடும்பங்கள் சாவையே மறைத்தன. அந்த நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் மதப் பெரியவர்களையும் கலந்து அடக்க விதிகளை மாற்றி எழுதியது. உடலைத் தொடக்கூடாது என்பது அப்படியே இருந்தது. ஆனால் குடும்பம் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம். இஸ்லாமியருக்கு வெள்ளைத் துணி போர்த்தலாம்.

புதுக்கோப்பு:
நன்றிங்க. அப்படியானால் மதத் தலைவர்களை அழைத்து ஒரு கூட்டம் போட்டால் சரியா?

பழைய மொழிபெயர்ப்பாளன்:
போடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்த மேசையில் பெரும்பாலும் வயதான ஆண்கள்தான் இருப்பார்கள். எனக்கு வந்த அழைப்புகளில் முக்கால்வாசி, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண்களுடையவை. அவர்களிடம் அச்சுக்குப் போகும் முன்பே வரைவைக் காட்டுங்கள். அந்த ஏழு பேர் வீட்டுக்கு என்ன பதில் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். மாற்று இடம் ஏற்பாடு செய்ய முடியாவிட்டால், ஜன்னலைத் திற, எல்லாரும் முகக்கவசம் போடு என்றாவது சொல்லுங்கள். போலீஸ் கேள்விக்கு உங்கள் துறையின் பதில் என்ன? அதை முதலில் கேட்டு வாங்குங்கள்.