வெளியூரில் தூக்கம்: காதை அடைப்பதா, ஃபேனை ஓடவிடுவதா?

அரைத்தூக்கம்:
அடுத்த மாதம் வேலை விஷயமாக நான்கு ராத்திரி ஒரு விடுதியில் தங்க வேண்டும். வீட்டிலேயே பக்கத்து அறையில் யாராவது கதவைச் சாத்தினால் விழித்துக்கொள்கிற ஆள் நான். போன தடவை லிஃப்டுக்குப் பக்கத்து அறை. அது நிற்கும்போதெல்லாம் ஒரு மணி அடிக்கும், அதிலேயே பொழுது விடிந்துவிட்டது. இயர்பிளக் வாங்கட்டுமா, இல்லை ஒயிட் நாய்ஸ், அதாவது ஃபேன் இரைச்சல் மாதிரி ஒரே சீரான சத்தம், போட்டுக்கொண்டு படுக்கட்டுமா?

பஞ்சுக்காதன்:
இயர்பிளக்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நல்ல ஃபோம் வகைக்கு 33 டெசிபல் வரை சத்தத்தைக் குறைக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். ஒரு சத்தத்தை விரட்ட இன்னொரு சத்தத்தைக் கூப்பிடுகிற யோசனை எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

ஃபேன்_ஓடட்டும்:
அந்த 33, ஆய்வுக்கூடத்தில் பக்குவமாகப் பொருத்தி அளந்தது. தொழிலாளர் காதுப் பாதுகாப்புக்கு வழிகாட்டுகிற அமெரிக்காவின் நியோஷ் நிறுவனமே, ஃபோம் வகைக்குப் பெட்டியில் உள்ள எண்ணில் பாதியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடச் சொன்னது. அரைத் தூக்கத்தில் அவசரமாகச் சொருகினால் அந்தப் பாதியும் கிடைக்காது.

அதைவிட முக்கியமானது வேறு. நம்மை எழுப்புவது சத்தம் மட்டும் இல்லை, அதற்கு முன்னால் இருந்த அமைதியும்தான். 25 டெசிபல் அறையில் 45 டெசிபல் மணி அடித்தால் இடைவெளி 20. இயர்பிளக் இரண்டையும் ஒன்றாக இறக்குகிறது, இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. ஃபேன் ஓடினால் அறையின் அடிமட்டச் சத்தம் ஏறி, இடைவெளி சுருங்கும்.

பஞ்சுக்காதன்:
கணக்கு அழகாக இருக்கிறது, காதுதான் அப்படி வேலை செய்வதில்லை. 45இல் 20 போனால் 25. கிசுகிசுப்பை விடக் குறைந்த அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு பேர் எழுவார்கள்? உங்கள் வழியில் மணியை மூடி மறைக்க ஃபேனும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ராத்திரி முழுக்க இரைய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் படுக்கையறைக்குச் சொன்ன வரம்பு, தொடர் சத்தத்துக்கு 30 டெசிபல், தனித்தனியாக வந்து போவதற்கு 45. நீங்களே அந்த 30ஐ மீறச் சொல்கிறீர்கள்! ஒயிட் நாய்ஸ் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த கட்டுரையும் ஆதாரம் ரொம்பப் பலவீனம் என்றுதான் முடித்தது.

ஃபேன்_ஓடட்டும்:
ஆதாரம் பலவீனம் என்றால் பயனில்லை என்று ஆகாது, சரியாகச் சோதிக்கவில்லை என்றும் இருக்கலாம். முழுக்க மூடி மறைக்கவும் வேண்டாம், இடைவெளியைப் பாதியாக்கினாலே எனக்குப் போதும். காதை அடைத்துக்கொண்டால் என் மூச்சும் நாடித்துடிப்பும் உள்ளேயே முழங்குகிறது, அதைக் கேட்டுக்கொண்டு யார் தூங்குவது?

கும்பகர்ணன்2:
நித்திரை சுகமறியாது என்று சும்மாவா சொன்னார்கள். பகலில் நன்றாக உழைத்துவிட்டுப் படுங்கள் சார். டெசிபலாவது ஒன்றாவது!

திண்ணைவாசி:
கும்பகர்ணன் ஐயா, இது உழைப்புக் குறைவால் வருவது இல்லை. தூங்கும்போது மூளையில் 'ஸ்பிண்டில்' என்ற அலைகள் விட்டுவிட்டு எழும். இவை அதிகம் உள்ளவர்கள் சத்தத்துக்கு அவ்வளவாக எழுவதில்லை என்று 2010இலேயே ஆய்வு வந்துவிட்டது. உங்களுக்கு அது தாராளமாக வாய்த்திருக்கிறது போல, அனுபவியுங்கள்.

சண்டை போடுகிற மற்ற இருவருக்கும் ஒன்று. புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் இடது பாதி முழுதாக அசருவதில்லை, பாதி காவல் காக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இது, 2016இல் வெளிவந்தது. இரண்டாம் முறை அதே இடத்தில் படுத்தவர்களுக்கு அது தெரியவில்லை. அதனால் முதல் நாளை வைத்து எந்தக் கருவியையும் எடைபோடாதீர்கள். முடிந்தால் முக்கியமான கூட்டத்தை இரண்டாம் நாளுக்குத் தள்ளுங்கள்.

அரைத்தூக்கம்:
கூட்டமே முதல் நாள் காலை ஒன்பது மணிக்குத்தான்! சரி, காதை அடைத்துவிட்டால் தீ அலாரம் கேட்குமா? என் மனைவிக்கு அதுதான் பயம்.

பஞ்சுக்காதன்:
புகை அலாரம் மூன்று மீட்டரில் 85 டெசிபல் அளவுக்குக் கத்தும். முழு 33 போனாலும் 52 மிச்சம்.

ஃபேன்_ஓடட்டும்:
அது அறைக்குள்ளேயே இருந்தால். நடைபாதையில் மாட்டி, கதவும் சாத்தியிருந்தால் அந்த 85 தலையணைக்கு வருவதற்குள் எவ்வளவோ குறைந்துவிடும். அப்புறம் காதையும் அடைத்தால்? அமெரிக்க விதிகளே தலையணை அருகில் 75 இருக்க வேண்டும் என்கின்றன. அறைக்குள் நுழைந்ததும் மேலே அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு காதை மட்டும் அடைத்து, திறந்த காதைத் தலையணையில் வைக்காமல் படுங்கள்.

பஞ்சுக்காதன்:
அலாரம் விஷயத்தில் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒரு காதை மட்டும் அடைப்பது சும்மா ஆறுதலுக்கு, லிஃப்ட் மணி இன்னொரு காது வழியாக வரும்.

திண்ணைவாசி:
இத்தனை பேரும் சத்தம் வந்த பிறகு என்ன செய்வது என்றே பேசுகிறீர்கள். பதிவு செய்யும்போதே லிஃப்ட், மாடிப்படி இரண்டிலிருந்தும் தள்ளி, தெருப் பக்கம் இல்லாத அறை கேளுங்கள். பக்கத்து அறைக்குப் போகிற இடைக்கதவு உள்ள அறை வேண்டவே வேண்டாம், பேச்சு அப்படியே கேட்கும். கதவடி இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். பக்கத்து அறையில் பாட்டு போட்டு, அதன் பேஸ் என்கிற கனத்த அடித்தொனி சுவர் வழியாகவும் கட்டில் வழியாகவும் அதிர்ந்தால் இவர்கள் சொல்கிற இரண்டுமே அரைகுறைதான். அப்போது வெட்கப்படாமல் வரவேற்பைக் கூப்பிட்டு அறையை மாற்றச் சொல்வதே வழி.

அரைத்தூக்கம்:
அறையை மாற்றச் சொன்னால் 'பிரச்சினை பிடித்த ஆள்' என்று நினைப்பார்களே என்றுதான் போன தடவை சும்மா இருந்தேன். இம்முறை முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுகிறேன். இயர்பிளக்கும் எடுத்துப் போகிறேன், ஃபேனும் ஓடட்டும், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரே சந்தேகம்: நான் ஒருக்களித்துப் படுப்பவன். ஃபோம் காதை அழுத்தாதா?

பஞ்சுக்காதன்:
நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அழுத்தும். விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதின் மேல்பகுதியைப் பின்னோக்கித் தூக்கிப் பிடித்து உள்ளே விடுங்கள். உப்பி நிற்கும் வரை விரலை எடுக்காதீர்கள். அப்படியும் துருத்தினால் சிறிய அளவு வாங்குங்கள். வீட்டிலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஃபேன்_ஓடட்டும்:
காதில் அழுக்கு சேர்கிறவர் என்றால் அதை உள்ளே தள்ளிவிடும், அதையும் சொல்லிவிடுங்கள்.