முதலில் சப்பாத்து, பிறகுதான் ஜாக்கெட்

திருகோணமலை உவர்மலையில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். மார்கழி மழை கொட்டுகிறது. உட்துறைமுகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிகிறது. சற்று முன் பக்கத்து வீட்டுத் தம்பி பாட்டா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வந்தான். தை மாதம் ஸ்கொட்லாந்தில் உள்ள கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போகிறான். துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டே, "அண்ணா, அங்கே எப்படிப்பட்ட கோட் வேண்டும்?" என்று கேட்டான். தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவனுடைய சேர்ட் பாதி காய்ந்திருந்தது.

அவனுக்குச் சொன்னதையே இந்தக் குளிர்காலத்தில் வெளிநாட்டுக்குப் போய் இறங்கும் எல்லோருக்கும் எழுதிவைக்கிறேன். நான் ஒன்பது வருடமாகக் கிளாஸ்கோவில் இருக்கிறேன். அதனால் என் கணக்கெல்லாம் அந்த ஊர்க் கணக்கு. கனடாவின் உறைபனிக்கு வேறு ஆளைக் கேளுங்கள்.

மழை நமக்குப் புதிதில்லை. திருகோணமலையில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. லண்டனில் சுமார் 600தான். கிளாஸ்கோவில்கூட 1,100, 1,200 என்ற அளவில்தான் நிற்கும். ஆனால் நமக்கு அதில் பெரும்பங்கு வாடைக் காற்றோடு ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்ந்துவிடும். கிளாஸ்கோவிலோ ஆண்டில் ஏறக்குறைய 170 நாட்கள், கொஞ்சம் கொஞ்சமாக, சலிக்காமல் தூறும். இங்கே மாரியில்கூட இரவு வெப்பநிலை 24 பாகைக்குக் கீழே அதிகம் போவதில்லை. அங்கே தை மாதத்துப் பகலே 7 பாகைதான். ஈரத்துணி காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். காலை எட்டு மணிக்கு நனைந்த காலுறை மாலை வீடு திரும்பும்போதும் ஈரமாகவே இருக்கும். வறண்ட கூதலை இரண்டு ஸ்வெட்டரால் சமாளிக்கலாம், ஈரக் கூதலை முடியாது.

இது தெரியாமல் நான் கொழும்புப் புறக்கோட்டையில் தலையணை போலத் தடித்த கோட் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். உள்ளே வாத்து இறகு. இறங்கிய இரண்டாவது வாரம் பஸ் தரிப்பிடத்தில் இருபது நிமிடம் நின்றேன். தூறல்தானே என்று நினைத்தேன். முதுகுப்பையின் பட்டி அழுத்திய இடத்தில், இரண்டு தோளிலும், முதலில் ஈரம் இறங்கியது. வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தால் இறகெல்லாம் கட்டிகட்டியாக ஒட்டிக்கிடந்தது, நனைந்த கோழியைத் தூக்கியது போல. காய மூன்று நாள் ஆயிற்று. மணம் போக அதைவிட அதிக நாள். இறகு காய்ந்திருக்கும்வரைதான் சூடு தரும் என்று கோட் விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே கையில் இருக்கும் காசில் பெரும்பகுதியைச் சப்பாத்துக்கு வையுங்கள். ஜாக்கெட் நனைந்தால் கழற்றிக் கதிரையில் போடலாம். சப்பாத்தை வகுப்பிலோ வேலையிலோ கழற்ற முடியாது. துணிச் சப்பாத்து வேண்டவே வேண்டாம். உள்ளே நீர்புகாப் படலம் வைத்துத் தைத்த, கணுக்காலை மூடும் சப்பாத்துதான் சரி. கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்கைத் தூக்கிப் பாருங்கள். அது இரு பக்கமும் உடலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். தனியாக ஆடினால், என்ன படலம் போட்டிருந்தாலும் குட்டைத் தண்ணீர் அந்த வழியால் வந்துவிடும். அடியைத் திருப்பி நகத்தால் அழுத்துங்கள். சற்று மென்மையான ரப்பராக, ஆழமான வெட்டுகளோடு இருந்தால் நல்லது. கட்டைபோல இறுகிய அடி, ஈர இலை விழுந்த நடைபாதையில் உங்களை உட்கார வைத்துவிடும். என்னை இரண்டு தடவை உட்கார வைத்திருக்கிறது.

மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுவதும் நடந்த பிறகு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தடித்த கம்பளிக் காலுறையைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டு அளவு பாருங்கள். செருப்போடு வளர்ந்த நம் கால்கள் முன்பக்கம் அகன்றவை, ஆகவே விரல்களை விரித்து அசைக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதம் சிறியவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. பிரிட்டனில் பிள்ளைகளின் உடைக்கும் சப்பாத்துக்கும் வாட் வரி கிடையாது. பிள்ளைகள் பகுதியில் உங்கள் அளவு கிடைத்தால் அங்கேயே வாங்கிவிடுங்கள். என் தங்கச்சி அப்படித்தான் வாங்குகிறாள், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

நனைந்த சப்பாத்தை ஹீட்டரின் மேல் வைக்காதீர்கள். என் முதல் சோடி அப்படித்தான் போனது. பசை இளகி, அடி வாயைப் பிளந்துகொண்டது. இலவசப் பத்திரிகை ஒன்றைக் கசக்கி உள்ளே திணியுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாள் ஊறிப்போய் வெளியே வரும். படுக்கப் போகுமுன் புதுத் தாள் வைத்தால் காலையில் போடலாம்.

ஜாக்கெட் மெல்லியதாகவே இருக்கட்டும். அதன் வேலை மழையையும் காற்றையும் நிறுத்துவது. சூட்டுக்கு உள்ளே வேறு உடுப்பு இருக்கிறது. லேபிளில் 10,000 மில்லிமீட்டர் என்பது போன்ற எண் இருக்கும். அந்தத் துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்ற அளவு அது. அன்றாட நடைக்கு 10,000 போதும். கனமான பையைச் சுமந்து நீண்ட நேரம் வெளியில் நிற்பவருக்கு 20,000 நல்லது. லேபிளில் 'நீரைத் தாங்கும்' என்று மட்டும் எழுதியிருந்தால் கொஞ்ச நேரத் தூறலுக்குத்தான் உதவும். 'நீர்புகாதது' என்று இருக்க வேண்டும். உட்பக்கத்தைத் திருப்பி, தையல்கள் எல்லாவற்றின் மேலும் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஊசித் துளை வழியாகத்தான் தண்ணீர் முதலில் வரும்.

தலைமூடிக்கு முன்னால் சிறு விளிம்பும், பின்னால் இறுக்கும் கயிறும் வேண்டும். கடையிலேயே மாட்டிக்கொண்டு தலையை இடமும் வலமும் திருப்புங்கள். மூடி கூடவே திரும்பாமல் கண்ணை மறைத்தால் வீதி கடக்கும்போது ஆபத்து. நீளம் இடுப்புக்குக் கீழே வரட்டும், இல்லாவிட்டால் ஜாக்கெட்டில் வழியும் தண்ணீர் முழுவதும் தொடையில் இறங்கும். கறுப்பு வேண்டாம். மார்கழியில் அங்கே பின்னேரம் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது, கார்க்காரருக்கு உங்களைத் தெரிய வேண்டும். குடையை நம்பாதீர்கள். காற்றடிக்கும் கோணேசர் கோயில் மலை உச்சியில் குடை பிடித்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

உள்ளே, உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர் பனியன், அதற்கு மேல் ஃபிளீஸ் என்ற பஞ்சுபோன்ற செயற்கைத் துணிச் சட்டை. பருத்தி வேர்வையைக் குடித்துவைத்துக்கொண்டு குளிரும். ஜீன்ஸும் பருத்திதான், மறந்துவிடாதீர்கள்.

ஓராண்டு கழித்து, துளிகள் உருண்டோடாமல் ஜாக்கெட்டின் மேல்துணியில் ஊறத் தொடங்கும். பழுதாகிவிட்டது என்று தூக்கி எறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் அழுக்குத்தான் காரணம். இதற்கென்று விற்கும் சவர்க்காரத்தில் கழுவி, லேபிளில் அனுமதி இருந்தால் உலர்த்தியில் இளஞ்சூட்டில் போடுங்கள். துளிகள் மறுபடி உருளும். அப்படியும் உருளாவிட்டால் தெளிக்கும் மருந்து கடையில் கிடைக்கும். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது.

இதெல்லாம் இங்கே தேடி அலைய வேண்டாம். அங்கே போய் வாங்குங்கள். தொண்டு நிறுவனங்கள் பழைய பொருள் விற்கும் தர்மக் கடைகளில் ஒருவர் ஒரு குளிர்காலம் போட்ட நல்ல ஜாக்கெட் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். சப்பாத்தை மட்டும் புதிதாக வாங்குங்கள், இன்னொருவர் பாதத்துக்குப் படிந்த அடி உங்கள் காலுக்குப் பொருந்தாது.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது தம்பியின் முகம் வாடிவிட்டது. அவன் அம்மா போன கிழமையே ஒரு தடித்த கோட் வாங்கிவைத்துவிட்டாராம். வாத்து இறகு. சற்று நேரத்தில் அவரே குடையோடு வந்து, "தம்பி, அந்தக் கோட் சரிதானே?" என்று என்னைக் கேட்டார். "சரிதான் அக்கா, மழையில்லாத நாளில் இதைவிட நல்லது கிடையாது. பெரிய அளவில் ஒரு மழை ஜாக்கெட் வாங்கி இதற்கு மேலே போட்டால் மழை நாளுக்கும் உதவும்" என்றேன். அது பொய்யில்லை. அவர் போன பிறகு தம்பியிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்காதே, கையில் வைத்திரு.