உதவி: கதை மூன்றாவது தடவையும் திரும்பிவிட்டது

மெழுகுவர்த்தி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் எழுதிய கதை மறுபடியும் "பிரசுரிக்க இயலவில்லை" என்று வந்துவிட்டது, காரணம் ஒரு வரிகூட இல்லை. ஜெபம் பண்ணித்தான் எழுதினேன், வீட்டில் படித்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். எங்கே தப்பு? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் நல்லது.

நெல்லைக்காரன்:
யாருக்கு அனுப்பினீர்கள், எத்தனை பக்கம், கதை என்ன? இதெல்லாம் சொல்லாமல் தப்பு எங்கே என்றால் எப்படி?

யூனிகோட் தம்பி:
எந்த எழுத்துருவில் தட்டினீர்கள்? பாமினி என்றால் அதுதான் காரணம்.

பழைய வாசகர்:
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தம்பி, கண்ணீர் வேறு, கதை வேறு. தமிழின் முதல் நாவலையே எழுதியவர் ஒரு கிறிஸ்தவர்தான், மாயவரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்தது. சிரிக்கச் சிரிக்க எழுதினார், பிரசங்கம் மட்டும் செய்யவில்லை. முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

மெழுகுவர்த்தி:
தம்பி இல்லை ஐயா, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. 18 பக்கம். மணப்பாட்டில் ஒரு மீனவர், பெரிய குடிகாரர், கடைசியில் திருந்தி பாஸ்டர் கையால் ஞானஸ்நானம் எடுக்கிறார். சபை மாதப் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

நெல்லைக்காரன்:
சபைப் பத்திரிகையில் 18 பக்கமா! அதில் கதைக்கு எத்தனை பக்கம் ஒதுக்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? பைபிளில் கெட்ட குமாரன் திருந்தி அப்பாவிடம் திரும்பும் கதை லூக்கா 15இல் வெறும் 22 வசனம். அதிலும் கோபித்து வெளியே நின்ற மூத்த மகன் வீட்டுக்குள் போனானா இல்லையா என்று சொல்லாமலே முடிகிறது. உங்கள் மீனவர் திருந்துவார் என்பது கிறிஸ்தவப் பத்திரிகை வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஞானஸ்நானத்தை வெட்டுங்கள். குடிக்காமல் வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி மனைவி அவரை நம்பினாளா, அதை மட்டும் எழுதுங்கள்.

கடற்கரை ஜெனி:
மணப்பாடு எங்கள் அம்மா ஊர். அந்தக் கரையில் பரதவர்கள் 1530களிலேயே கத்தோலிக்கர் ஆனவர்கள், பிறந்த குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். வளர்ந்த ஆளுக்கு ஞானஸ்நானமா? அதுவும் எங்களுக்குச் சாமியார்தானே, புராட்டஸ்டண்ட் பாஸ்டர் எங்கிருந்து வந்தார் அக்கா?

சீயோன் மகன்:
ஏன், கடற்கரையில் வேறு சபைக்குப் போனவர்களே கிடையாதா?

கடற்கரை ஜெனி:
இருக்கிறார்கள் அண்ணா. அப்படிப் போனால் வீட்டில் எவ்வளவு சண்டை வரும் தெரியுமா? கல்லறையில் இடம் கிடைக்குமா என்பது வரைக்கும் பேச்சு போகும். அதுதான் கதை, அது இவர்கள் சொன்னதில் இல்லையே.

பழைய வாசகர்:
முதலில் ஞானஸ்நானம் என்ற சொல்லையே விடுங்கள். 1995இல் வந்த திருவிவிலியம் என்ற புது பைபிள் மொழிபெயர்ப்பில் திருமுழுக்கு என்று இருக்கிறது.

சீயோன் மகன்:
எங்கள் பாட்டியிடம் போய்த் திருமுழுக்கு என்று சொல்லிப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ஊறினவர்களுக்கு அதுதான் வேதம்.

பழைய வாசகர்:
பாட்டிக்காகத் தமிழை வடமொழியிலேயே ஊறப்போட வேண்டுமா?

கடற்கரை ஜெனி:
கத்தோலிக்கர்கள் நாங்களே வீட்டில் ஞானஸ்நானம் என்றுதான் சொல்கிறோம். பாத்திரம் எப்படிப் பேசுமோ அப்படி எழுதினால் போதும்.

(இதற்குப் பிறகு பதினொரு பதிவுகள் 'கர்த்தரா, ஆண்டவரா' என்று போயின. நடுவில் யூனிகோட் தம்பி மட்டும் இரண்டு தடவை "எழுத்துரு?" என்று கேட்டிருந்தார்.)

மெழுகுவர்த்தி:
பத்திரிகைக்குப் போன் பண்ணினேன். என் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்ததாம், மூன்று தடவையும் யாரும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பாமினிதான் தம்பி.

யூனிகோட் தம்பி:
:) அந்த எழுத்துரு அவர்கள் கணினியில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோட் ஆக்குங்கள், கூடவே ஒரு பிடிஎஃப் வையுங்கள்.

நெல்லைக்காரன்:
அப்படியே 18 பக்கத்தையும் அனுப்பிவிடாதீர்கள் அக்கா.

மெழுகுவர்த்தி:
அனுப்பிவிட்டேனே.