2012 லீஃபா, 2014 லீஃபா: பற்றரிக் கோடுகளைப் பார்ப்பதா, ஆண்டைப் பார்ப்பதா?

நல்லூர்வாசி:
யாழ்ப்பாணத்துக்குள் ஓட ஒரு நிசான் லீஃப் மின்சாரக் கார் தேடுகிறேன். இரண்டு கார் அகப்பட்டிருக்கிறது, இரண்டும் ஜப்பானில் இருந்து வந்த 24 கிலோவாட்-மணி வண்டிகள். ஒன்று 2012 தொடக்கத்தில் செய்தது, பற்றரி எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று காட்டும் கோடு 12இல் 11 இருக்கிறது. மற்றது 2014, கோடு 9தான். விலை கிட்டத்தட்ட ஒன்று. வீட்டில் கோடு கூடியதை எடு என்கிறார்கள், சிநேகிதர் ஒருவர் பழைய மோட்டர் வேண்டவே வேண்டாம் என்கிறார். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடுகண்ணாவை:
2012ஐ எடுங்கள் தம்பி. முதல் கோடு போவதற்குப் பற்றரி 15 சதவீதம் தேய வேண்டும், அதன் பிறகு ஒவ்வொரு 6.25 சதவீதத்துக்கும் ஒரு கோடு. அப்படிப் பார்த்தால் 11 கோடு என்பது ஏறக்குறைய 19, 20 யூனிட் (கிலோவாட்-மணி), 9 கோடு என்பது 16, 17 யூனிட். மோட்டர் இரண்டிலும் அதே 80 கிலோவாட். டோர்க்கில், அதாவது மோட்டரின் சுழற்றும் வலுவில், பழையதுதான் கூட, 280 நியூட்டன் மீற்றர், 2012 நவம்பருக்குப் பிறகு வந்ததில் 254. நான் பழையதைத்தான் கண்டிப் பக்கம் ஏற்றி இறக்குகிறேன், நாலு பேரோடு ஏற்றத்தில் அது திணறி நான் பார்க்கவில்லை.

பற்றரிப்பித்து:
அண்ணா, டோர்க்கை மட்டும் பிடித்துக்கொண்டு கதைத்தால் எப்படி? 2012 நவம்பரில் மோட்டரோடு, பற்றரி மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரையும் சார்ஜரையும் ஒன்றாக அடுக்கி முன்பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். பின்சீட்டுக்குப் பின்னால் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த சார்ஜர் போனது, எடை 80 கிலோ அளவில் குறைந்தது. ஐரோப்பாவில் அறிவித்த கணக்கில் பழையது மணிக்கு 100 கிலோமீற்றரைத் தொட 11.9 விநாடி, புதியது 11.5. டோர்க் குறைந்த வண்டிதான் முந்துகிறது. ஜப்பான் சோதனையில் ஒரு சார்ஜுக்கு 200 கிலோமீற்றராக இருந்தது 228 ஆனது, பற்றரியின் அளவு மாறாமலே. பிரேக் மிதிக்கும் முன்பே நன்றாக இழுத்துப் பிடிக்கும் 'பி' மோடும் அதில்தான் வந்தது.

ஆனால் எனக்கு உண்மையான கவலை அந்த 11 கோடு. லீஃப் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, மூடிய பெட்டிக்குள் சூட்டோடு இருந்து தேய்கிறது. 2012இலேயே அமெரிக்காவின் அரிசோனாவில் புதுக் கார்களின் கோடு விழுந்து பெரிய பிரச்சினையாகி, கம்பனி தேய்மானத்துக்குத் தனியாக உத்தரவாதம் கொடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் 2015 மாடலில் சூடு தாங்கும் செல் போட்டார்கள். இந்த வெயிலில் இத்தனை வருடம் ஓடிய 2012 வண்டி 11 கோட்டோடு நிற்பதை நான் அப்படியே நம்பமாட்டேன்.

மட்டுநகர்:
நம்பவே வேண்டாம். நான் வாங்கும்போது 12 கோடும் முழுதாகக் காட்டியது. சில கிழமைகளுக்குள் ஒவ்வொன்றாக விழுந்து 8இல் வந்து நின்றது. பற்றரிக் கணினியை அழித்துப் புதுசு போலக் காட்டவைத்து விற்றிருக்கிறார்கள். விற்றவரிடம் கேட்டால் "ஊர் வெயில்" என்றார். அந்தக் காசு எனக்கு வருடக்கணக்கான சேமிப்பு, இன்னும் ஆறவில்லை.

கடுகண்ணாவை:
உங்களுக்கு நடந்தது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் அது 2012ஐச் சோதிக்கச் சொல்கிற காரணம், 2014ஐ எடுக்கச் சொல்கிற காரணம் இல்லை. ஜப்பானில் 5 வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றருக்குள் 9 கோட்டுக்குக் கீழே போனால் உத்தரவாதம் இருந்தது, அப்படிப் பற்றரி மாற்றிய கார்களும் இங்கே வந்திருக்கலாம். புதிய பற்றரியைப் பழைய காரில் இணைப்புத் தகடு போட்டுப் பூட்டலாம். அப்படி ஒன்று கிடைத்தால் 9 கோட்டு 2014 அதற்குக் கிட்டவும் வராது. 80 கிலோ எடையைக் காட்டி 3 யூனிட் பற்றரியை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்களே.

பற்றரிப்பித்து:
3 யூனிட் உண்மையிலேயே இருந்தால் விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன். இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. நல்லூர்வாசி, காரின் சோதனைத் துளையில் பூட்டும் ஒரு ஓபிடி புளூடூத் கருவியும், பற்றரி விபரத்தைப் போனில் காட்டும் லீஃப் ஸ்பை செயலியும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பக்கத்தில் வரும் ஆரோக்கிய வீதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள், கணினியை அழித்த வண்டியில் அதுவும் பொய்தான் சொல்லும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, 20 சதவீதத்துக்குக் கீழே போகும்வரை ஓட்டி, எத்தனை யூனிட் செலவானது என்று எடுங்கள். அந்த நிலையில் பெடலை ஆழமாக மிதித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரை 96 செல் சோடிகளின் வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாத் தூணும் சேர்ந்து இறங்கினால் பயமில்லை, ஒன்றிரண்டு மட்டும் பொத்தென்று விழுந்தால் அந்தச் செல் போய்விட்டது. அப்போது மோட்டர் 280ஆ 254ஆ என்ற பேச்சுக்கே இடமில்லை, பற்றரி கொடுக்காததை மோட்டர் எங்கிருந்து எடுக்கும்?

பேராதனை வீதி:
இரண்டையும் விட்டுவிட்டு 40 கிலோவாட்-மணி லீஃப் பாருங்களேன். 2017 ஒக்டோபரில் வந்தது, 110 கிலோவாட், 320 நியூட்டன் மீற்றர், 7.9 விநாடி. 30 கிலோவாட்-மணி வண்டியிலும் ஒரு விஷயம் இருக்கிறது: தேய்மானத்தைக் கணினியே கூட்டிக் காட்டுகிறது என்று நியூசிலாந்தில் 2018இல் பேச்சுக் கிளம்பி, நிசான் மென்பொருள் மாற்றிக் கொடுத்தது. மாற்றாத வண்டி கோடு குறைவாகக் காட்டலாம், அது வாங்குகிறவருக்கு லாபம்.

கடுகண்ணாவை:
2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025இல் திறக்கும்வரை இங்கே பழைய கார் என்ன விலைக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கேட்டது ஊருக்குள் ஓட ஒரு 24. 40இலும் திரவக் குளிரூட்டல் இல்லை, அடுத்தடுத்து வேகச் சார்ஜ் போட்டால் சூடேறி வேகம் குறைந்துவிடும்.

நல்லூர்வாசி:
2012 உரிமையாளரிடம் கேட்டேன். செயலி பூட்டிப் பார்க்கலாமாம், ஆனால் 20க்குக் கீழே இறக்க விடமாட்டாராம், "பற்றரி பழுதாகும்" என்கிறார். 2014காரர் ஒரு நாள் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

பற்றரிப்பித்து:
ஒரு தடவை இறக்கினால் எந்தப் பற்றரியும் பழுதாகாது. முழுச் சார்ஜோடு வெயிலில் நிறுத்திவைப்பதுதான் அதைத் தின்னும். சனிக்கிழமையே 2014ஐ எடுத்து ஓட்டுங்கள், வரைபடத்தின் படத்தை இங்கே போடுங்கள்.

கடுகண்ணாவை:
2014இலும் அதே சோதனைதான், 9 கோடு என்பதற்காகச் சலுகை கொடுக்காதீர்கள். 2012காரரிடம் இன்னொன்று கேளுங்கள்: பற்றரி மாற்றியிருந்தால் அதற்கு ஒரு கடதாசி இருக்கும். அதைக் காட்டினால் நான் இன்னும் 2012 பக்கம்தான்.