ஸ்ட்ரோக் நோயாளி, 72 கிலோ: படுக்கையில் மேலே ஏற்றுவதும் வீல்சேருக்கு மாற்றுவதும்

ஹோம்கேர்_திருச்சி:
வீட்டில் வைத்துப் பார்க்கும் பக்கவாத நோயாளி. வயது 68, எடை 72 கிலோ. இடது கையும் காலும் விழுந்துவிட்டன, வலப்பக்கம் நல்ல பலம். சொன்னதைப் புரிந்து செய்கிறார். சாப்பாடு ரைல்ஸ் ட்யூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்), யூரினுக்குக் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்). வாடகை ஃபவ்லர் காட் (தலைப்பக்கத்தை உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில்), மேலே ஏர் பெட் (காற்று மெத்தை). பகலில் நானும் அவருடைய மனைவியும் மட்டும்தான்.

தலைப்பக்கத்தை உயர்த்தினால் கொஞ்ச நேரத்தில் கால்மாட்டுக்குச் சரிந்துவிடுகிறார். ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து மேலே இழுக்கிறோம். வீல்சேருக்கும் அதே முறைதான். இப்போது இடது தோளைத் தொட்டாலே வலி என்கிறார். வால் எலும்புப் பக்கம் தோலும் சிவந்திருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

பிசியோ_மதுரை:
முதலில் அக்குளில் கை கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். விழுந்த பக்கத்துத் தோள்மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகளுக்கு இப்போது பலமில்லை. அங்கே கொடுத்துத் தூக்கினால் உடம்பின் பாரம் முழுக்க அந்த மூட்டில் இறங்கி, கை எலும்பின் பந்து போன்ற தலை தோள் கிண்ணத்திலிருந்து நழுவும். அந்தக் கையைப் பிடித்து இழுப்பதும் இதே கெடுதல்தான். வலி ஏற்கெனவே வந்துவிட்டதால் டாக்டரோ பிசியோவோ ஒரு தடவை நேரில் பார்க்கட்டும்.

அடுத்து, இவரைத் தூக்கவே வேண்டாம். நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் (NIOSH) சொல்லும் மேல்வரம்பு 35 பவுண்டு, சுமார் 16 கிலோ. 72 கிலோவை இரண்டு பேர் பங்கிட்டாலும் ஆளுக்கு 36. யார் இடுப்பும் தாங்காது. அவருக்கு ஒரு பக்கம் பலம் இருக்கிறதே, வேலையை அது செய்யட்டும்.

வீல்சேர் எப்போதும் நல்ல பக்கத்தில். கட்டிலின் வலப்பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் அவருடைய வலது கை தலைமாட்டுப் பக்கம் வரும். சேர் அங்கே, கால்மாட்டைப் பார்த்து, கட்டிலோடு 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிற்கட்டும். இரண்டு பிரேக்கும் போட்டு, கால்மிதியை மடக்கி, கட்டிலை ஒட்டிய கைப்பிடி கழலுமானால் கழற்றிவிடுங்கள். திரும்பப் படுக்கைக்கு வரும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: சேரை அதே இடத்தில் விட்டால் இப்போது கட்டில் இடப்பக்கம் இருக்கும். சேரைக் கால்மாட்டுப் பக்கம் கொண்டுபோய், தலைமாட்டைப் பார்த்து நிறுத்துங்கள். வலது கால் மறுபடி முன்னே போகும்.

எழுப்பும்போது மல்லாக்க இருந்தபடியே தூக்கி உட்கார வைக்காதீர்கள். வலப்பக்கம் ஒருக்களித்து, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்கி, வலது முழங்கையை ஊன்றச் சொன்னால் பாதி வேலையை அவரே செய்வார். உட்கார்ந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். தலைசுற்றல், வியர்வை, முகம் வெளுத்தல் இருந்தால் மறுபடி படுக்க வைத்து பிபி பாருங்கள். மேல் அளவு வழக்கத்தைவிட 20 குறைந்திருந்தால் அன்றைக்கு நிற்க வைக்க வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

நிற்கும் முன் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்திருக்க வேண்டும். வழுக்காத செருப்பு போடுங்கள், வெறும் சாக்ஸ் ஆகாது. புட்டம் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்திருக்கட்டும். இடுப்பில் கெயிட் பெல்ட் (நோயாளியைப் பிடித்துக்கொள்ளக் கட்டும் பட்டை), இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில். வேட்டி முடிச்சையோ பைஜாமா எலாஸ்டிக்கையோ பிடிப்பது பிடிப்பே அல்ல, அவிழ்ந்துவிடும். உங்கள் இரண்டு முட்டியாலும் அவருடைய இடது முட்டியை அணைத்துக்கொள்ளுங்கள், அது மடங்காமல் இருக்க. மூக்கு கால் விரலைத் தாண்டும் அளவுக்கு முன்னே குனியச் சொல்லி, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’. குனியாமல் எழவே முடியாது, அதனால்தான் நீங்கள் தூக்க வேண்டியதாகிறது. உங்கள் கழுத்தை அவர் கட்டிக்கொள்ள விடாதீர்கள். வலது கையால் சேரின் தூரக் கைப்பிடியை எட்டிப் பிடிக்கட்டும். திரும்பும்போது உங்கள் பாதமும் சேர்ந்து திரும்பட்டும், இடுப்பை முறுக்காதீர்கள். சேரின் விளிம்பு அவர் காலின் பின்புறம் தட்டிய பிறகுதான் உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்ததும் மடியில் தலையணை, அதன் மேல் இடது கை.

எலும்பு_வார்டு_சிஸ்டர்:
சரிவதற்குக் காரணம், தலைப்பக்கம் மட்டும் உயர்வது. ஃபுல் ஃபவ்லராக இருந்தால் கால்மாட்டில் இரண்டு கிராங்க் (சுற்றும் கைப்பிடி) இருக்கும். முட்டிப் பக்கத்தை முதலில் ஏற்றுங்கள், பிறகு தலையை. செமி ஃபவ்லரில் தலை மட்டும்தான் ஏறும். அதற்குத் தொடைக்கு அடியில் தலையணை. இடுப்பு, கட்டில் மடங்கும் இடத்துக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சாண் கீழே இருந்தாலே சரிவு தொடங்கிவிடும்.

அந்தச் சிவப்பை விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் நேரமிருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் அது முதல்நிலை பெட் சோர் (படுக்கைப்புண்). கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சரியும்போது தோல் விரிப்பில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே எலும்பு மட்டும் கீழே இறங்கும். இடையில் இருக்கும் ரத்தக் குழாய்கள் முறுகி அடைபடும். ஏர் பெட் இருந்தாலும் இது நடக்கும்.

மேலே ஏற்ற ட்ரா ஷீட் (நோயாளிக்கு அடியில் விரித்து அவரை நகர்த்தும் துணி) போதும். காட்டன் பெட்ஷீட்டைத் தோளிலிருந்து நடுத்தொடை வரை வரும்படி மடித்து அடியில் விரியுங்கள். ஊட்டிக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆன பிறகே கட்டிலை மட்டமாக்க வேண்டும், இல்லையென்றால் பால் நுரையீரலுக்குப் போகும். ஊட்டும்போதும் பிறகு அந்த ஒரு மணி நேரமும் தலை 30 முதல் 45 டிகிரி. மற்ற நேரம் 30 போதும். தலையணையை எடுத்துத் தலைமாட்டுப் பலகையில் சாய்த்து வையுங்கள். யூரின் பேக் பக்கச் சட்டத்தில் மாட்டியிருந்தால் ட்யூப் தளர்வாக இருக்கிறதா பாருங்கள், மேலே ஏற்றும்போது பல இடங்களில் அது இழுபடுவது இங்கேதான். பேக்கைக் கட்டில் மேல் தூக்கி வைக்காதீர்கள், யூரின் திரும்ப ஏறும். ஷீட் ஓரத்தை அவர் உடம்பை ஒட்டும் வரை சுருட்டிப் பிடியுங்கள். தள்ளிப் பிடித்தால் முதுகில்தான் பாரம். அவர் வலது முட்டியை மடக்கி, தாடையை நெஞ்சில் வைத்து, மூன்றாவது எண்ணுக்குக் காலால் உந்தட்டும். நீங்கள் கையால் இழுக்காமல், கால்மாட்டுப் பக்கத்துக் காலிலிருந்து தலைமாட்டுப் பக்கத்துக் காலுக்கு உடம்புப் பாரத்தை மாற்றுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது ஏர் பெட்டிலும் உண்டு. முழு ஒருக்களிப்பு வேண்டாம், இடுப்பெலும்பு குத்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு. இடப்பக்கம் படுக்கும்போது அந்தத் தோளை முன்னே எடுத்து விடுங்கள், உடம்புக்கு அடியில் மாட்டக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும். காற்றடைத்த வளையமும், தண்ணீர் நிரப்பிய கையுறையும் வேண்டாம். யார் சொன்னாலும்.

ஹோம்கேர்_திருச்சி:
நன்றி சிஸ்டர், நன்றி சார். மாற்றும்போது நடுவில் முட்டி மடங்கினால்? பேஷண்ட் லிஃப்ட் (நோயாளியைத் தூக்கி மாற்றும் கருவி) வாடகைக்கு எடுக்கலாமா?

பிசியோ_மதுரை:
சேர் ஏற்கெனவே பின்னால் தட்டியிருந்தால் உட்கார வைத்துவிடுங்கள். இல்லையென்றால் தாங்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், இருவரும் விழுவீர்கள். பெல்ட்டை விடாமல், ஒரு காலை முன்னே நீட்டி அதன் மேல் சறுக்கித் தரைக்கு இறக்குங்கள், தலை மட்டும் இடிக்காமல். அடி பட்டதா என்று பார்க்காமல் நகர்த்த வேண்டாம். இரண்டு பேராகத் தரையிலிருந்து தூக்கவும் வேண்டாம், ஆள் வரும் வரை தலையணை கொடுத்து அங்கேயே படுக்க வையுங்கள்.

லிஃப்ட் எடுப்பதற்கு முன் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதா அளந்து பாருங்கள். ஃபவ்லர் காட்டில் பெரும்பாலும் லிஃப்ட்டின் அடிக்கால்கள் நுழைந்துவிடும். டிராயர் வைத்த மரக்கட்டிலுக்கு மாறினால் நுழையவே நுழையாது. ஸ்லிங்கின் (நோயாளியைத் தாங்கும் துணித் தொட்டில்) சைஸ், தாங்கும் எடை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஸ்லிங்கின் இரு பக்கமும் ஒரே நிற வளையத்தை மாட்டுங்கள், மாறினால் ஒரு பக்கம் சாய்வார். தூக்கும்போது அடிக்கால்களை விரித்து வைக்க வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் இயக்க வேண்டாம், ஒருவர் கைப்பிடியில், ஒருவர் நோயாளியிடம்.